ஒட்டடைக் குச்சியில் ஊதுபத்தி

போன வாரம் மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் தியாகராய நகருக்குப் போயிருந்தோம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எனக்கு ஒரு பழக்கம். எல்லோரும் அலமாரியைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைப் பக்தி என்று நினைத்தாள். பிறகு கழுத்து வலி என்று நினைத்தாள். இப்போது எதுவும் நினைப்பதில்லை. "புடவையப் பாக்க அழைச்சுண்டு வந்தா பல்லியப் பாத்துண்டு நிக்கறேள்" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு அடுத்த கட்டைப் பிரிக்கச் சொன்னாள்.

நான் பார்த்தது பல்லியை அல்ல. வெள்ளைக் கூரையில் இட்லித் தட்டின் ஒரு குழி அளவுக்கு வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். புகை வந்தால் மோப்பம் பிடித்து மணியடிக்கச் சொல்லும் டிடெக்டர் அது. அந்தக் கடையில் வரிசையாக இருந்தவற்றில் ஒன்றின் முகத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. புதிதாக மாட்டும்போது பெயிண்டும் சிமெண்டுத் தூசியும் உள்ளே போகாமலிருக்க அந்த மூடியோடுதான் வரும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். யாரோ மறந்துவிட்டார்கள். அதே நேரம் கல்லாப் பக்கம் மின்சாரத்தில் செருகி வைத்த ஏதோ ஒரு குமிழிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. புகையே இல்லாத வாசனை. அவ்வளவுதான், மனைவி பிரித்துப் பார்த்த புடவைகளெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு கார் ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. தீ எச்சரிக்கைக் கருவிகளைச் செய்து, மாட்டி, பராமரித்துக் கொடுப்பதுதான் தொழில். வாசலில் ஒரு பாதாம் மரம். அதன் இலைகள் பழுத்துச் சிவந்து விழுவதை வைத்துத்தான் எங்களுக்குக் காலம் தெரியும். பக்கத்துக் கடையில் காலையில் காப்பிக்கொட்டை வறுப்பார்கள். அந்த வாசனை மதில் தாண்டி வந்து, உள்ளே ஈயம் பற்றவைக்கும் வாசனையோடு கலந்து, நடுவில் தொங்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் நல்ல காப்பி குடித்தால் எனக்கு ஒரு நிமிடம் சால்டரிங் அயர்ன் ஞாபகம்தான் வருகிறது. மற்றவர்களுக்கு என்னென்னவோ கவித்துவமாக வருமாம்.

முதலாளி வரதன் சார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் அவசரம். ஒருநாள் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர், விசிறியைக்கூடப் போடாமல் என்னைக் கூப்பிட்டார். அங்கே பழுது பார்க்க அனுப்பிய எங்கள் ஆள், கருவிப் பெட்டியைத் திறக்கச் சாவி எங்கே என்று தெரியாமல், வாட்ச்மேனுக்கு ஓம்ஸ் விதியை விளக்கிக்கொண்டிருந்தாராம்.

"பேப்பர்ல எல்லாரும் பாஸ். ஸ்பாட்டுக்குப் போனா எல்லாரும் முழிக்கிறான். நீ என்ன பண்ணுவியோ தெரியாது, இவங்கள சைட்ல வேல செய்யற ஆளா ஆக்கு."

அப்படித்தான் நான் பயிற்சிக்குப் பொறுப்பாளன் ஆனேன். என்னைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், கரும்பலகையில் என் கையெழுத்து அழகாக இருக்கும். எனக்கு ஏணி ஏறப் பயம் என்பது வரதன் சாருக்குத் தெரியாது. மூன்றாவது படியிலேயே எனக்குக் கால் நடுங்கும். கூரையில் மாட்டுகிற பொருளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், வாழ்நாள் முழுக்கத் தரையிலேயே நின்றவன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

காரை வெளியே தள்ளிவிட்டு ஷெட்டைப் பயிற்சிக் கூடமாக்கினோம். பிளைவுட்டில் ஒரு பொய்க் கூரை கட்டி, அதில் டிடெக்டர்களை மாட்டினோம். சுவரில் ஒரு பேனல், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டி. எல்லாம் சரியாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். புகை வந்தால் சிவப்பு எரிந்து ஹூட்டர் ஊளையிடும். அந்தக் காலப் பேனலுக்கு எந்தத் தளம் என்று மட்டும்தான் சொல்லத் தெரியும், எந்த டிடெக்டர் என்று தெரியாது. மேலே ஏறி, எதன் குட்டி விளக்கு சிவந்திருக்கிறது என்று தேட வேண்டும். காலையில் நான் ரகசியமாக ஒரு ஒயரைத் தளர்த்தி வைப்பேன். பகலெல்லாம் அவர்கள் தேடுவார்கள். சில நாள் நான் எதைத் தளர்த்தினேன் என்று எனக்கே மறந்துவிடும், நானும் சேர்ந்து தேடுவேன்.

புகைக்கு என்ன செய்வது? ஒட்டடைக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, பற்றவைத்து, டிடெக்டருக்குக் கீழே பிடிப்போம். அதுதான் எங்கள் ஆய்வுக் கருவி. மல்லிகை, சந்தனம், அன்றைக்குப் பெட்டிக்கடையில் எது இருக்கிறதோ அது. மத்தியான வேளையில் ஷெட்டின் தகரக் கதவு இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே விழும். அந்தக் கோட்டுக்குள் புகை மெல்லச் சுருண்டு சுருண்டு ஏறும். பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று யாருக்கும் தெரியாது. ஹூட்டர் அலறித்தான் எங்களை எழுப்பும்.

சாயங்காலம் மயிலாப்பூரில் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். "ஏண்டா, ஆபீஸ்ல வேல பண்றேளா, லட்சார்ச்சனை பண்றேளா? ஆத்துல ஒருநாள் விளக்கேத்துடான்னா ஏத்த மாட்டேங்கற."

பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவர் தேவராஜ். சைதாப்பேட்டைக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தவர். எந்தக் கேள்வி கேட்டாலும் "அத்த வுடு சார், டீ சாப்ட்டுக்கினே பேசலாம்" என்பார். இன்னொருத்தி ஸ்டெல்லா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கட்டுமரத்தில் போகிறவர்கள், அம்மா மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்கிறவர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து, எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேனலுக்குள் போகும் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவள் பற்றவைத்த புள்ளிகள் ஒவ்வொன்றும் மழைத்துளி மாதிரி ஒரே அளவில் இருக்கும்.

அவளைப் பயிற்சிக்கு யாரும் அனுப்பவில்லை. அவளாகவே வந்து கதவோரம் நின்றாள்.

"உள்ளாறயே குந்திக்கினு பத்த வெச்சிக்கினே கீறேன் சார். நான் செஞ்சது எந்த ஊட்ல, எந்தச் செவுத்துல மாட்டிக்கீதுன்னு ஒரு தபா கூட பாத்ததில்ல. நானும் சைட்டுக்குப் போவணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். சைட்டுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஏணி தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போகிற பெண்ணை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வரதன் சார் நெற்றியைத் தேய்த்தார். "பொம்பளப் புள்ள ஏணி மேல ஏறி நின்னா பார்ட்டி என்ன சொல்லுவான்?" என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். தியாகராய நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடை வேலை வந்திருக்கிறது, அதற்குப் போகட்டும். கடைக்காரர் மனக்குறை இல்லாமல் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு இனி வெளிவேலை. ஏதாவது புகார் வந்தால் மறுபடி பெஞ்ச், அதற்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் மூடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் எல்லோரும் தப்பாமல் செய்த தப்பு ஒன்று உண்டென்றால் அது அந்த ஆரஞ்சு மூடிதான். ஒயரெல்லாம் கச்சிதமாக இழுப்பார்கள், பேனலில் பச்சை எரியும், கையைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். மேலே இரண்டு டிடெக்டர் மூடியோடு அப்படியே இருக்கும். மூடி இருந்தாலும் பச்சை எரியும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். நான் கரும்பலகையில் அழகான கையெழுத்தில் 'மூடி' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். ஒரு பயனும் இல்லை. எல்லோரும் கோட்டைப் பாராட்டினார்கள்.

ஸ்டெல்லா ஒருநாள் வலை பின்னுகிற நூல்கண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடிகளைக் கழற்றக் கழற்ற, ஊசியால் நடுவில் குத்தி ஒவ்வொன்றாகக் கோர்த்தாள். வேலை முடிந்ததும் மாலையை எண்ணினாள், பிறகு கூரையை எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் இறங்குவாள்.

தேவராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா ஸ்டெல்லா, மீனு கோக்குற மாரி கோக்குற?"

"மீனுதான் கோப்போம். கோக்கலன்னா ஒண்ணு ரெண்ட காக்கா தூக்கிக்கினு பூடும், நமக்கே தெரியாது" என்றாள் அவள், சிரிக்காமல்.

மறுநாள் தேவராஜின் சட்டைப் பையிலும் ஒரு நூல்கண்டு இருந்தது. அதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தப் பட்டுக் கடையில் வேலை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கிலேயே போனால் கடை வாசலில் விட்டுவிடும், நடக்கவே வேண்டாம். தேவராஜுக்கு ஏணி பிடிக்கிற வேலை. சுடிதார் போட்ட ஒரு பெண் மேலே நிற்க, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் முழுக்க ஏணியைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பஜாரை வேடிக்கை பார்த்தார். "இன்னைக்கி வளையக்காரன் கடையில நல்ல யாவாரம் சார்" என்று அவ்வப்போது எனக்குச் செய்தி சொல்வார்.

பேனலை மாட்டிய அன்று ஸ்டெல்லா அதன் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். "சார், இது நான் வெச்சது. இந்தா, இந்த மூலையில ஈயம் கொஞ்சம் தூக்கலா கீது பாருங்க, அன்னிக்குக் கரண்டு போயி போயி வந்துது." பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த பிள்ளையைப் பார்க்கப் போன அம்மா மாதிரி இருந்தது அவள் முகம். மூடிகளையெல்லாம் கழற்றி, மாலையாக்கி, எண்ணி, பேனலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டோம். கடை முதலாளியிடம் கையெழுத்து வாங்க இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லாவுக்குப் பின்னால் பெரிய சாமி படம், அதற்குக் கீழே அவர். நாங்கள் போன சாயங்காலம் கடை கொள்ளாத கூட்டம். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அருமையான வேலல்லா செஞ்சிருக்கீங்க. மொத நாளு சாயந்தரம் ஒருக்கா சத்தம் போட்டுச்சு. அதுக்குப் பொறவு ஒரு மூச்சு விடல" என்று பேனாவை எடுத்தார்.

ஸ்டெல்லா கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எல்லா டிடெக்டருக்கும் புடவை போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவரை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். கடையின் பெயர் சிவப்பு எழுத்தில், தாமரைப் பூவோடு, தலைகீழாக வரிசையாகத் தொங்கியது.

விஷயம் இதுதான். உங்களுக்கும் ஞாபகமிருக்கும், அப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் சாம்பிராணி பாய் ஒருவர் கடை கடையாக வருவார். கையில் தூபக்கால், மற்றொரு கையில் மயிற்பீலி. கல்லா, சாமி படம், துணி அடுக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றிப் புகை காட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். கடைத்தெருவே அந்த நேரத்தில் மேகத்துக்குள் போய்விட்டு வரும். எங்கள் டிடெக்டருக்குப் பாயைத் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் அலறிவிட்டது. கடை ஆட்கள் எல்லாவற்றின் மூக்கையும் கட்டிவிட்டார்கள். பேனலில் பச்சை எரிந்தது. அண்ணாச்சிக்குத் திருப்தி.

தேவராஜ் அவள் காதருகே குனிந்தார். "கண்டுக்காத ஸ்டெல்லா. கையெழுத்த வாங்கிக்கினு போயிரலாம். அப்பால ஒருநாளு வந்து கயட்டிக்கலாம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேனா காகிதத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அது இறங்கிவிட்டால் அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிடும்.

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி" என்றாள் ஸ்டெல்லா. "மூக்கக் கட்டிப் போட்டுட்டு மோப்பம் புடின்னா எப்டி புடிக்கும்?" சொல்லிவிட்டு ஏணியை எடுத்துவரப் போய்விட்டாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஏணியைப் போட்டு ஏறி ஒவ்வொரு கவராகக் கழற்றினாள். தேவராஜ் இந்த முறை பஜாரைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்தார். கடைசிக் கவர் வந்த நேரம், படிக்கட்டில் தூபக்காலோடு பாய் வந்துகொண்டிருந்தார்.

அவர் சாமி படத்துக்குப் புகை காட்டியதும் ஹூட்டர் அலறியது. அண்ணாச்சி கல்லாவிலிருந்து குதித்து ஓடினார். வாங்கிய புடவைக்குப் பணம் கொடுக்காமல் ஜனங்கள் இறங்கி ஓடிவிடுவார்கள் என்று படிக்கட்டில் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஒருவரும் வரவில்லை. கடை முழுக்க அத்தனை பெண்கள், அத்தனை குழந்தைகள், ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மடியில் பட்டை விரித்துவைத்திருந்த ஒரு மாமி, "ஆம்புலன்ஸுக்கு வழிவிட மாட்டேங்கறான் பாருங்கோ" என்றாள். உடனேயே, "அந்த அரக்கு பார்டரை இப்படி எடும்மா" என்றாள். பாய் மட்டும் கையிலிருந்த தூபக்காலையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தினியோ வருஷமா பொக காட்டறேன், இப்டி ஒரு மரியாத எனக்கு எங்கயும் கெடச்சதில்ல" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஏணி மேல் நின்ற ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் மொத்தக் கடையும் தெரியும். இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "ஒருத்தரும் எந்திரிக்கல சார்" என்றாள்.

அண்ணாச்சி பேனாவைப் பைக்குள் சொருகிவிட்டார். "யாவார நேரத்துல ஏணியப் போட்டுக் கூத்தாடுதீங்களா? எல்லாத்தையும் கழத்திட்டுப் போயிருங்க" என்றார். மறுநாள் காலையில் வரதன் சாருக்குப் போனும் வந்துவிட்டது. "அந்தப் பொண்ண பெஞ்ச்ல உக்கார வை. நீயும் தேவராஜும் போய் சமாதானம் பண்ணுங்க" என்றார் என்னிடம். ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னைச் சூடு செய்ய ஆரம்பித்தாள். பாதாம் இலை ஒன்று ஜன்னல் வழியாக வந்து அவள் பக்கத்தில் விழுந்தது. அதை அவள் எடுத்துப் போடவில்லை.

அப்போதுதான் தேவராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார். "எனக்கு இன்னிக்கி ஒரே தலசுத்தலா கீது சார். ஏணில ஏறுனா வுழுந்துருவேன். நீயும் ஏற மாட்ட." அந்த ரகசியம் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஸ்டெல்லாவக் கூட்டிக்கினு போவலாம். மொதலாளி கேட்டா நான் சொல்லிக்கிறேன்." அத்தனை ஆரோக்கியமான தலைசுற்றலை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

கடை திறப்பதற்கு முன்பே போய்விட்டோம். ஸ்டெல்லா சாமி படத்துக்கு முன்னால் நின்று கையை வட்டமாகச் சுற்றிப் பார்த்தாள், பாய் சுற்றுகிற மாதிரி. அதற்கு நேர் மேலே ஒரு டிடெக்டர். அது ஒன்றுதான் அலறியிருக்கிறது. அது ஒன்றுக்காக அத்தனையின் மூக்கையும் கட்டியிருக்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்து சம இடைவெளியில் புள்ளி வைத்து நான் போட்ட வரைபடத்தில் சாமிக்கு இடமே இல்லை. அந்த டிடெக்டரை அங்கிருந்து எடுத்து பாய் நின்று புகை காட்டாத பக்கமாகத் தள்ளி மாட்டினாள். சாயங்காலம் பாய் வந்தார், வழக்கத்தைவிடத் தாராளமாகவே புகை காட்டினார். ஹூட்டர் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சியின் கோபம் அந்தப் புகையோடு போயிற்று. மறுபடியும் பேனாவை எடுத்தார்.

"கையெழுத்து அப்பறம் போடுங்க அண்ணாச்சி" என்றாள் ஸ்டெல்லா. எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. "நேத்து அம்மாஞ் சத்தத்துக்கு ஒருத்தரும் எந்திரிக்கல. நெசமாலுமே நெருப்பா இருந்தா?"

அண்ணாச்சி கடையைப் பார்த்தார். அப்போதும் கூட்டம் இருந்தது. குழந்தைகள் புடவைக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தன. "நான் கைய விரிச்சிட்டு நின்னேன்" என்றார் மெதுவாக. "ஒருத்தர் கூட வரல, என்ன?" பிறகு, "அப்ப என்ன செய்யணுங்க?" என்று கேட்டார். 'என்ன செய்யணும்' என்று அவர் ஒருவரைக் கேட்டு அந்தக் கடை ஆட்கள் பார்த்ததில்லையாம்.

மறுநாள் காலை கடையில் விற்பனைப் பெண்கள் எல்லோரையும் நிற்கவைத்தோம். ஹூட்டர் அடித்தால் வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு படியிறங்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். தேவராஜ் ஒட்டடைக் குச்சியில் ஊதுபத்தியைக் கட்டிப் பிடித்தார். ஹூட்டர் அடித்தது. பெண்கள் எல்லோரும் பரபரவென்று குனிந்து, விரித்திருந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்கள். மடிப்புக் கலையாமல், ஜரிகையைத் தடவிவிட்டு, அடுக்கில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். கை பழகிவிட்டது, பாவம். எத்தனை தடவை அடித்தாலும் முதலில் மடித்தார்கள். நெருப்பு காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்டெல்லா ஒரு பட்டுப் புடவையை எடுத்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே அதைத் தரையில் போட்டாள். "போடுங்க. எல்லாரும் போடுங்க. அப்பால மடிக்கலாம்." பட்டைத் தரையில் போட ஒருத்திக்கும் கை வரவில்லை. ஒரு பெண் போட்டுவிட்டு அழுதேவிட்டாள். அன்று காலை முழுவதும் அவர்கள் போட்டுப் போட்டுப் பழகியது எனக்கு இன்னும் கனவு மாதிரி வருகிறது. மயில் கழுத்து, வாடாமல்லி, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக நழுவி விழுந்து, தரையெல்லாம் நிறம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஊதுபத்தி வாசனை.

வாடிக்கையாளரை எழுப்புவது எப்படி என்பதுதான் மிச்சம். எங்கள் புத்தகங்களில் அதற்கு என்னென்னவோ இருந்தது. கடைசி வரிசையில் நின்ற ஒரு ஒல்லிப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நெருப்புன்னா நம்ப மாட்டாங்கக்கா. கீழ புதுசா கட்டு பிரிச்சிருக்காங்க, வாங்கன்னா ஓடி வந்துருவாங்க." ஸ்டெல்லா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்று மதியம் நிஜ வாடிக்கையாளர்களிடமே சொல்லிப் பார்த்தோம். ஹூட்டருக்கு அசையாத அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்குப் படியிறங்கிவிட்டார்கள். கீழே வந்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திட்டினார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்துச் சமாளித்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வரதன் சாருக்கு அவரே போன் செய்தார். "அடுத்த தடவையும் இந்தப் பிள்ளையவே அனுப்புங்க. ஆம்பிளையாளு வந்தா பேனலப் பாத்துட்டுப் போயிருதான். இது ஆளப் பாக்குது." அன்றைக்குச் சாயங்காலம் பாண்டி பஜார் வழியாக நாங்கள் மூவரும் மழையில் நனைந்துகொண்டு நடந்தோம். ஏணியைத் தேவராஜ் தோளில் வைத்துக்கொண்டிருந்தார். தலைசுற்றல் பூரணமாகக் குணமாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா போகாத இடமில்லை. அடையாறு ஆஸ்பத்திரிகள், மயிலாப்பூர்க் கல்யாண மண்டபங்கள், ஆழ்வார்பேட்டை ஆபீஸ்கள். எங்கே போனாலும் ஒரு மூடி மாலை வரும். சில இடத்தில் பேனல் பக்கத்திலேயே மாட்டிவிடுவாள், சிலதைக் கார் ஷெட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் தொங்கவிடுவாள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று உரசிச் சளசளவென்று பேசும். எந்தச் சுவரில் தன் பலகை இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கைகாட்டுவாள். "அது நம்மளது சார். இதுவும் நம்மளது."

பிறகு அவள் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனாள். கம்பெனியை வரதன் சார் விற்றுவிட்டார். ஆழ்வார்பேட்டை வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி, பாதாம் மரம் நின்ற இடத்தில் பார்க்கிங். தேவராஜ் சைதாப்பேட்டையிலிருந்து எங்கோ குடிபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன், தேடிப் போய்ப் பார்க்கவில்லை. பாய் வருவதில்லை. புதிய பேனல்கள் வந்தபோது பழையவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் கழற்றும்போது நான் தற்செயலாக அங்கே இருந்தேன். பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஆணியில் வெளுத்துப்போன மூடி மாலை. வேலையாள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய சாமான் சாக்குக்குள் போட்டார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

போன வாரம் அந்தக் கடையில் மேலாளரைக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டினேன். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "போன்லயே காட்டும் சார். பாருங்க, எல்லாம் பச்சைதான்." பார்த்தேன், பச்சைதான். ஏணி இருக்கிறதா என்று கேட்க நினைத்து, என் காலை நினைத்து, வேறொன்று கேட்டேன்.

"தம்பி, ஒட்டடைக் குச்சி இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தார்கள். மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் தரையில் நின்றபடியே குச்சியை உயர்த்தி, மூடியின் விளிம்பை மெல்லத் தட்டினேன். இரண்டு மூன்று தட்டலில் கழன்று, தூசியோடு, விரித்திருந்த மாம்பழ நிறப் பட்டின் மேல் வந்து விழுந்தது. விற்பனைப் பெண் பதறிப்போய்ப் புடவையை வாரியெடுத்து, உதறி, மடிக்க ஆரம்பித்தாள். மடிப்புக் கலையாமல், ஜரிகையைத் தடவிவிட்டு.

மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது மேசை மேல்தான் இருக்கிறது. ஒற்றை மூடி. எண்ணிப் பார்த்து வாங்கி, நூலில் கோர்க்க ஆள் இல்லை.